சின்ன பிராசஸரே போதும்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. கம்ப்யூட்டர் கடைக்காரர் மத்தியானம் ரெண்டு பிராசஸரையும் கொண்டுவருவார். சின்னதையே வாங்குங்க.

நேத்து இதைச் சொன்னதுக்குத்தான் என்னைக் கஞ்சம்னு சொல்லிட்டு, மூஞ்சியைத் தூக்கிவெச்சுக்கிட்டு ஹால்ல போய்ப் படுத்தீங்க. முழுசாக் கேட்டாத்தானே! கடையில உங்க கேமை ரெண்டுலயும் 4K திரையில ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஒரு வித்தியாசமும் இல்ல. படத்தைக் காட்டற கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்குது, பெரிய பிராசஸர் சும்மா காலை நீட்டி உட்கார்ந்திருக்கு. மிச்சமாகிற காசுக்கு நல்ல கார்டாப் போட்டுக்கலாம்.

கீழே இடமில்ல, ஓரத்துல எழுதறேன்: சின்னது சூடாகாதாம், ஃபேனும் கத்தாதாம். நீங்க விளையாடினாலும் நான் தூங்கிடுவேன். கம்ப்யூட்டரை ஹால்லேர்ந்து நம்ம ரூமுக்கே கொண்டுவந்துடுங்க.

தலகாணியையும்.