மூன்று குழாய் எச்சில்

ஜூன் 4, புதன்

அக்கா இன்றும் கல்லூரிக்குப் போகவில்லை. கன்னத்தில் புதிதாக இரண்டு பரு. அம்மா வழக்கமான பாட்டைத் தொடங்கினாள்: "சாக்லேட்டா முழுங்கினா வராம என்ன பண்ணும்? மூஞ்சிய ஒழுங்கா கழுவினாத்தானே!"

அக்கா சாக்லேட்டைத் தொட்டே மாசக்கணக்காகிறது. அவள் பங்கையும் நான்தான் தின்கிறேன். என் முகமோ வழவழவென்று இருக்கிறது. நியாயமா இது?

"இனிமே காலேஜே வேணாம்டி" என்றாள் போர்வைக்குள்ளிருந்து.

"பருவத் தேர்வு எழுதாம பருத் தேர்வா எழுதப்போறே?" என்றேன்.

சிரிக்கவில்லை. இதற்கே சிரிக்காவிட்டால் விஷயம் முற்றிவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

சித்தி தோல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். அங்கே மரபணுப் பரிசோதனை வந்திருக்கிறதாம். பரு வர எவ்வளவு வாய்ப்பு என்று எச்சிலை வைத்தே சொல்வார்களாம். துப்பினால் துப்புக் கிடைக்கும்! "மூணு பேருமா வாங்க" என்றாள் சித்தி.

"நான் எதுக்கு? எனக்கென்ன பருவா இருக்கு?" என்றாள் அம்மா.

"நீயா இதச் சொல்றே? நீயும் வந்துதான் ஆகணும்" என்றாள் சித்தி ஃபோனில். ஏன்?

ஜூன் 7, சனி

மருத்துவமனையில் கொடுத்த குழாயில் கோடு வரை துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. என் குழாய் உடனே நிறைந்துவிட்டது; அக்காவும் அம்மாவும்தான் வாய் வறண்டுபோய் உட்கார்ந்திருந்தார்கள். நான் எதிரே நின்று எலுமிச்சம்பழத்தைக் கடிப்பதுபோல் நடித்தேன். உடனே ஊறிவிட்டது. அக்கா சிரித்துத் தொலைத்தாள், அத்தனையும் நுரை. மறுபடி முதலிலிருந்து.

அம்மாவின் குழாயை நர்ஸ் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்துப் பவுடர் உதிர்ந்து மிதந்தது. "மூஞ்சி, வாய் எல்லாம் நல்லா கழுவிட்டு வாங்கம்மா. வேற குழாய் தரேன்."

அம்மா ரொம்ப நேரம் வாஷ்பேசினிலேயே நின்றாள். திரும்பியபோது — கன்னம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். பழைய பருத் தழும்பு. பவுடர் இல்லாத அம்மாவை வெளிச்சத்தில் நான் பார்த்ததே இல்லை. எப்படி இத்தனை நாள் தெரியாமப் போச்சு?

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா தனக்கும் பரு இருந்ததை மறைத்துவிட்டாளே என்ற கோபத்தில், அக்கா தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள்.

ஜூன் 30, திங்கள்

முடிவு வந்தது. மூன்று பேருக்கும் வாய்ப்பு அதிகம். எனக்குமா!

"இது தீர்ப்பு இல்ல, வாய்ப்புதான். வந்தாலும் மருந்து இருக்கு. பிள்ளைய மட்டும் திட்டாதீங்க" என்றார் மருத்துவர்.

பேருந்தில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்: "என்னையும் கழுவு கழுவுன்னுதான் சொன்னாங்க. தோல் உரியற வரைக்கும் தேய்ச்சேன்."

அக்கா அம்மாவின் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜூலை 3, வியாழன்

அக்கா கல்லூரிக்குப் போனாள். முகக்கவசத்தோடுதான். போனாளே!

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எனக்கும் வந்துவிட்டது. சரியாக மூக்கு நுனியில்.

"வண்டிய நிறுத்துங்க, ரெட் சிக்னல்!" என்று வீடே அதிரக் கத்தினாள் அக்கா. அவளுடைய முகக்கவசம் ஆணியில் தொங்கித் தூசி படிந்து கிடக்கிறது.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். "மூஞ்சிய ஒழுங்கா கழு—"

பாதியில் நிறுத்திக்கொண்டாள். என் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். காலை வெயில் அவள் கன்னத்திலும் விழுந்தது. பவுடர் இல்லை.

"வலிக்குதாடி?" என்றாள்.