வரிக்கு வரி இருந்த பெயர்

செவ்வாய், இரவு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன், மன்னிச்சிடுங்க. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

சர்வர் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடி அதை எழுப்பும், நீங்கள் நான்கு வருடம் எழுதிய ஃபர்ம்வேர் புரோகிராமை, யாரும் படிக்கலாம் என்று இன்று தென்னூர் ஆபீஸில் ஓப்பன் சோர்ஸாக விட்டோம்.

"யார் எப்ப எழுதினாங்கன்னு பழைய வரலாறெல்லாம் வேண்டாம்மா. ஒண்ணா சேர்த்து ஏத்திடுங்க" என்றார் மேனேஜர். ஏற்றினேன். வரிக்கு வரி இருந்த உங்கள் பெயர் போய், ஏற்றிய என் பெயர் நின்றது.

ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வந்ததும் பாப்பா போனைப் பிடுங்கினாள். "அப்பா பேரு வரும்னு சொன்னியே, எங்கேம்மா?"

உங்கள் படத்துக்கு மாலை போடும்போது நான்தான் சொன்னேன்.

திரும்பவும் பழையபடி ஏற்ற என்னால் முடியும். ஆனால் வெளியே போனதைத் தொட்டால் எனக்கு வேலை இருக்காதாம், மேனேஜர் சொல்லிவிட்டார். தொடட்டுமா? சீக்கிரம் பதில் சொல்லுங்க.