சத்தமில்லாமல் பார்த்த படங்கள்

ஜனவரி 18, ஞாயிறு

தம்பி பிரவீன்குமார் கனடாவுக்குப் போகிறான். இன்று திண்டிவனம் வந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எங்கள் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனான். உள்ளே அவனுடைய ப்ளூ-ரே பிளேயர், கூடவே அவன் ஆசை ஆசையாகச் சேர்த்த பழைய படங்களின் டிஸ்க்குகள். காது போனவளிடம் சினிமாவைக் கொடுத்துவிட்டுப் போகிறான். மொட்டைத் தலைக்குச் சீப்பு. எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கிளம்பும்போது போனில் டைப் பண்ணிக் காட்டினான்: "பிக்சர் கண்ணாடி மாதிரி இருக்கும்க்கா. சும்மா பாரு." அப்புறம் இன்னொன்று: "விழுப்புரத்துல என் வீடு பூட்டித்தான் கெடக்கப் போவுது. இங்க கஷ்டமா இருந்தா அங்க போய் இருந்துக்கோ."

கஷ்டம்தான். ஐப்பசியில் மூளைக்காய்ச்சல் வந்து, முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் என்னைப் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு காதும் போயிற்று. உள்ளே எலும்பு இறுகிவிட்டது, இனி எந்தக் கருவி வைத்தும் பலன் இல்லை என்று டாக்டர் எழுதிக் காட்டினார். தமிழ் டீச்சர் கலையரசி குரல் கொடுத்தால் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புவரை அடங்கும். அந்தக் கலையரசி இப்போது நாலு பேர் பேசும் இடத்தில் சுவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். தனியாக இருக்கும்போது எனக்குக் குறை தெரிவதில்லை. மனுஷர்கள் நடுவில்தான் செவிடாக இருக்கிறேன். விழுப்புரம் போனால்தான் என்ன?

தம்பி எழுதியதை இவரிடம் காட்டினேன். பங்குனி பிறந்ததும் போகலாமென்று இருக்கிறேன் என்றேன். இவர் போனை எடுத்து ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார்: "சரி."

அவ்வளவுதானா? கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்டே குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். உப்புக்கு ஒரு சண்டை, புளிக்கு ஒரு சண்டை. அதற்கெல்லாம் சேர்த்து ஒரு "சரி"யா?

ஜனவரி 20, செவ்வாய்

இன்று முழுக்க இவர் என்னோடு பேசியது இரண்டு மெசேஜ். "சாப்டியா." "வெயில் போவுது துணி எடு."

ஜனவரி 27, செவ்வாய்

இவர் பெருமுக்கல் நிலத்துக்குப் போய்விட்டார், மல்லாட்டைக் கடலைக்குக் களையெடுப்பு. மாமா, இவருடைய அப்பா, உள்ளே தூங்குகிறார். பொழுது போகாமல் தம்பியின் பெட்டியைப் பிரித்தேன். கைக்கு வந்த டிஸ்க் ஒரு கறுப்பு வெள்ளை ராஜா ராணிக் கதை. சின்ன வயதில் டிவியில் மழை பெய்கிற மாதிரி கோடு கோடாகப் பார்த்த படம்.

தம்பி பொய் சொல்லவில்லை. ராஜாவின் விக் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. கழுத்தில் பவுடர் எங்கே முடிந்து சொந்த நிறம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிகிறது. அரண்மனைத் தூண் வெறும் துணி, காற்றில் லேசாக ஆடுகிறது. ராணியின் மூக்குக்குக் கீழே வேர்வை பூத்திருக்கிறது, பாவம், அந்த விளக்கு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் நின்றாளோ.

பிறகுதான் கவனித்தேன். ராஜா சபையில் நின்று பேசுகிறான். நேரே நம் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் மென்று துப்புகிற மாதிரி. அவன் அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

எப்படி என்றால், எங்கள் அப்பா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவர். கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டுப் பாட்டு தீர்ந்ததும் படத்தின் வசன கேசட்டைப் போட்டுவிடுவார். பந்தி முடிகிறவரை முழுப் படமும் ஊருக்கே கேட்கும். அந்த வசனங்களைக் கேட்டே வளர்ந்தவள் நான். இன்று உதடு அசைகிறது, என் தலைக்குள் வசனம் ஓடுகிறது, இரண்டும் சேர்ந்து போகின்றன. ரிமோட்டில் பின்னால் தள்ளித் தள்ளி அந்த ஒரு காட்சியையே சாயங்காலம்வரை பார்த்தேன். சோறு வைக்க மறந்துபோனது.

பிப்ரவரி 3, செவ்வாய்

இப்போது தினம் மத்தியானம் பள்ளிக்கூடம். நானே டீச்சர், நானே மாணவி, ராஜாக்கள் எல்லாம் பாடப் புத்தகம்.

ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான். க என்பது தொண்டைக்குள் ஒளிந்துகொள்கிறது, பிடிக்கவே முடியாது. பக்கவாட்டில் திரும்பிப் பேசுகிறவன் படுபாவி. நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர்கள் என்றால் தங்கம், வாய் நிறையப் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஒரு கலர் படத்தைப் போட்டேன், கதாநாயகி அழுதுகொண்டே ஏதோ சொல்கிறாள், எனக்கு ஒரு எழுத்துகூடத் தமிழாக வரவில்லை. என் கண்தான் கெட்டுப்போயிற்றோ என்று பயந்துவிட்டேன். பிறகு புரிந்தது, அவள் எந்த ஊர் பாஷையிலோ பேசியிருக்கிறாள், தமிழ்க்குரல் பின்னால் யாரோ கொடுத்தது. இத்தனை வருஷம் இவளை நம்பி நானும் அழுதிருக்கிறேனே.

வசனம் தெரியாத ஒரு படமும் பார்த்தேன். பத்துக்கு மூன்று பிடித்தேன். பரீட்சையில் பெயில்தான். ஆனால் முன்பு முட்டை.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

காலையில் இவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். போனை எடுக்கவில்லை, வாயால்தான் சொன்னார். எவ்வளவு நாளைக்கப்புறம். நான் ராஜாவைப் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன். சொன்னார். அதுவும் இல்லை. மேலுதட்டை மூடி, கீழுதட்டிலும் பாதியைப் பிடித்துக்கொண்டு அந்த மீசை. அதற்குள்ளே ஏதோ ஆடுகிறது, புதருக்குள் ஓணான் ஓடுகிற மாதிரி.

மூன்றாவது தடவையும் புரியவில்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "அந்த மீசைக்குள்ள போய் நான் என்னத்தத் தேடறது? ஊருக்குக் காட்டத்தான் வளத்து வெச்சிக்கினு இருக்கீங்க. பொண்டாட்டிக்கு வாயக் காட்ட முடியல" என்று கத்திவிட்டேன். என் குரல் எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று எனக்குத் தெரிவதில்லை. எதிர்வீட்டுச் சீனுவாசன் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி ஜன்னலுக்கு வந்தாள். இவர் யாரையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொல்ல வந்தது என்ன என்றுகூடத் தெரியாமல் போயிற்று.

பிப்ரவரி 12, வியாழன்

சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

இவர் சலூனுக்குப் போய் மீசையை எடுத்துவிட்டு வந்திருக்கிறார். சுத்தமாக. மூக்குக்குக் கீழே வெயில் படாத தோல் வெளுத்துத் தெரிகிறது. யார் வீட்டு ஆள் என்று ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம்.

எங்கள் பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ போனால்தான் மகன் மீசை எடுப்பான். தன் அம்மா போனபோது இவர் ஒரு தடவை எடுத்திருக்கிறார். அப்பா இருக்கும்போது எடுப்பாரா ஒருத்தர்? மாமா மகனைப் பார்த்தார். எனக்கு எழுதிக் காட்டவென்று கூடத்தில் கிடக்கும் சிலேட்டை எடுத்து, பெரிய பெரிய எழுத்தாக எழுதி இருவருக்கும் காட்டினார்: "நான் செத்துட்டனா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதற்குள் பஸ் ஸ்டாண்டில் இவரைப் பார்த்த சீனுவாசன் ஊரெல்லாம் போன் போட்டிருக்கிறார். நல்ல மனுஷர், துக்கத்துக்கு முதல் ஆளாக ரோஜா மாலையும் கையுமாக வந்து கதவைத் தட்டியிருக்கிறார். திறந்தவர் மாமா.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே காலெடுத்து வைத்த சீனுவாசனைப் பார்க்க மாமா என் பக்கம் திரும்பினார். மாமாவின் வாயைப் பார்த்தேன். "மாலை யாருக்குய்யா?" என்றார். தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. நிஜ மனிதர் ஒருவர் வாயிலிருந்து நான் முதல்முதலாகப் பிடித்த வாக்கியம் அதுதான். சீனுவாசன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என்ன பதில் சொன்னார் என்று தெரியவில்லை. மாலையை வீணாக்க வேண்டாமென்று மாமாவே வாங்கிச் சாமி படத்துக்குப் போட்டார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மீசை போயிற்று. வாய் திறந்தால்தானே?

மூன்று நாளாக இவர் என் எதிரில் வந்து, மனப்பாடச் செய்யுள் மறந்துபோன பையன் மாதிரி நிற்கிறார். உதட்டை ஈரம் பண்ணிக்கொள்கிறார். பிறகு "சாப்டியா" என்கிறார். நான் சாப்பிட்டேன் என்கிறேன். முடிந்தது. மெசேஜில் வந்தது வாயில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று, "இதுக்கா மீசைய எடுத்தீங்க? மாமா மனசு நோவ வெச்சதுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. எனக்காகத்தான் எடுத்தார், தெரியாதா எனக்கு? தெரியும். அதனால்தான் கோபம் கோபமாக வருகிறது. இவ்வளவு செய்துவிட்டு ஒரு வார்த்தை, போகாதே என்று ஒரு வார்த்தை, அதைச் சொல்லாதவரை என்ன செய்வது?

பிப்ரவரி 22, ஞாயிறு

மகள் அஸ்வினி கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து வீடியோ காலில் வந்தாள். முகத்தைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசினாள். பாதிக்கு மேல் பிடித்துவிட்டேன். சந்தோஷத்தில் அவள் அழுதாள், அழுகிற வாய் புரியவில்லை. அழாமல் பேசுடி என்றேன்.

விழுப்புரம் போகத்தான் வேண்டுமா என்று கேட்டாள். உங்க அப்பா சரின்னு சொல்லிட்டாரு என்றேன். புடவைகளை ஒரு பெட்டியில் எடுத்து வைத்தாயிற்று. தம்பியின் டிஸ்க்குகளையும் கொண்டுபோகலாம்.

மார்ச் 1, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் ஒரு படம் பார்த்தேன். கறுப்பு வெள்ளைதான், குடும்பக் கதை, கடைசியில் எல்லோரும் சேர்கிறார்கள். முடிந்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்தேன். டிவி கறுத்தது. எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கறுத்த கண்ணாடியில் கூடம் தெரிந்தது. எனக்குப் பின்னால் நாற்காலியில் இவர் உட்கார்ந்து, முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். வாசல் வெளிச்சம் நேரே அவர் முகத்தில். எப்போது வந்து உட்கார்ந்தாரோ தெரியாது. வாய் அசைந்துகொண்டிருந்தது.

யாரோடு பேசுகிறார்? மாமா உள்ளே தூங்குகிறார். போனும் கையில் இல்லை. என் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்தாமல், கையை ஆட்டி, நடுவில் ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, எனக்குக் காது கேட்ட காலத்தில் எப்படிப் பேசுவாரோ அப்படியே.

நான் மூச்சுகூட விடாமல் பார்த்தேன். பாதி அவர் உதட்டிலிருந்து வந்தது, மீதி இவ்வளவு காலம் கூட இருந்த பழக்கத்தில் வந்தது.

"... மோட்டாரு ஓடல... மெக்கானிக்கு வல்லரசு வர்றேன் வர்றேன்றான், வரல... கேட்டா பொண்டாட்டி ஊர்ல இல்லன்றான்... பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா ஸ்பேனர் புடிக்க மாட்டானா..." சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. முறத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். தலை குனிந்திருந்ததால் சரியாகத் தெரியவில்லை. நிமிர்ந்தபோதுதான் பிடித்தேன். "நீ விழுப்புரத்துக்குப் பூட்டன்னா நானும் அப்படித்தான் சொல்லிக்கினு திரியணும்."

கண் மங்கிவிட்டது. துடைத்தால் தெரிந்துவிடும். துடைக்காமல், திரும்பாமல், டிவியைப் பார்த்தபடியே கேட்டேன். "வல்லரசு பொண்டாட்டி எங்க போயிருக்கா?"

முறம் கீழே விழுந்தது. என் கால் விரலில் வந்து முட்டியது ஒரு மல்லாட்டை.

பிறகு எதிரில் கொண்டுவந்து உட்காரவைத்துக் கேட்டேன், இது எத்தனை நாளாக நடக்கிறது என்று. மறுபடி மறுபடி சொல்லவைத்துத்தான் வாங்கினேன். "தெனமும்தான். நீ படம் பாக்கறப்பல்லாம்." என் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கென்ன? "மூஞ்சியப் பாத்துச் சொன்னா புரியலன்னு நீ கத்துவ. முதுகு ஒண்ணும் சொல்றதில்ல."

அப்போ அந்த "சரி"? "டைப் பண்ண எனக்கு அவ்ளோதான் வருது" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்ய?

மார்ச் 4, புதன்

காலையிலேயே சண்டை. மீசையைத் திரும்ப வளர்க்கச் சொல்லி மாமா உத்தரவு. வளரட்டும், உதட்டுக்கு மேலேயே கத்தரித்து நிறுத்த வேண்டும் என்றேன் நான். அது ஈஸ்வரன் கோயில் குருக்கள் மாதிரி இருக்கும் என்றார் இவர். இருந்தால் என்ன, அவருக்குப் பெண்டாட்டி இல்லையா என்றேன். கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியவரைத் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம் பாத்துத் திட்டுங்க" என்றேன். திட்டினார். முக்கால்வாசி புரிந்தது. மாமா சிலேட்டைத் தூக்கிக் காட்டினார்: "மெதுவா. தெருவுக்கே கேக்குது."

மத்தியானம் படம் போடவில்லை. புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து பீரோவில் அடுக்கினேன். விழுப்புரம் வீட்டை நல்ல ஆளாகப் பார்த்து வாடகைக்கு விட்டுவிடும்படி தம்பிக்கு எழுதிவிட்டேன்.