பக்கத்துத் தாள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நாள் முழுக்கச் சரளையில் ஊன்றிப் படுத்து முழங்கைதான் உரிந்துவிட்டது.

மேல்நிலை ரைபிள் பயிற்சிக்கு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து என்னை மட்டும் அனுப்பினார்கள் என்று மச்சான் எல்லோரிடமும் பெருமையடிக்கிறாராம். வேண்டாம் என்று சொல்.

இன்று ஆளுக்குப் பத்துக் குண்டு. சுட்டு முடித்ததும் மனித உருவம் போட்ட இலக்குத் தாளருகே நடந்துபோய், அவரவர் ஓட்டையை அவரவரே காகிதத்துண்டு ஒட்டி அடைக்க வேண்டும். என் தாளில் ஓர் ஓட்டைகூட இல்லை. பக்கத்துக்காரனின் தாளில் இருபது இருந்தது.

பயிற்சியாளர் சிரித்துவிட்டார். “குறியெல்லாம் பிரமாதம்யா. ஆளத்தான் மாத்திட்ட!”

சைபர் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் அவன் தாளில் பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டினேன். என் பத்தும் நெஞ்சில்தான் இருந்தன.

கடைத்தெருவில் அன்று என்ன நடந்தது என்று நீ கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றினேன். அன்றும் என் குறி தப்பவில்லை, ஆள்தான் வேறு. அன்று எனக்கு யாரும் சைபர் போடவில்லை. கைகுலுக்கி, இந்தப் பயிற்சிக்கு என் பெயரைக் கொடுத்தார்கள்.

பாப்பா கேட்டால், அப்பா காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று சொல்.

உன் வீட்டுக்காரன்