வாசமில்லாத லோஷனில் இரண்டு சொட்டு

இன்று காலை கோச்சடையில் புதிதாகத் திறந்திருக்கும் மருந்துக்கடையில் ஒரு லோஷன் பாட்டிலின் மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். ஒன்றுமே மணக்கவில்லை. உடனே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. உங்களைத் திட்டி வெகுநாளாகிவிட்டது என்பதும் கூடவே ஞாபகம் வந்தது.

அந்தக் கடையைப் பார்த்தால் உங்களுக்கு வயிறு எரியும். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, மேலே பூசுகிற லோஷனுக்கென்றே ஒரு சுவர் முழுக்க அலமாரி. விற்கிற பெண் என் கையில் திட்டுத் திட்டாக இருந்த சிவப்பைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு சென்சிட்டிவ் ஸ்கின்னும்மா. வாசனை சேர்க்காத லோஷன் இப்பத்தான் புதுசா வந்திருக்கு" என்றாள். புதுசாம்! நான் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். அவள் கொடுத்த முதல் இரண்டு பாட்டில்களிலும் முன்பக்கம் கொட்டை எழுத்தில் வாசனை இல்லை என்று போட்டிருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் பர்ஃப்யூம் என்று போட்டிருந்தது. உங்கள் வாரிசுகள் எங்கும் அழிந்துபோகவில்லை. மூன்றாவது பாட்டில்தான் கண்ணாடிக்கும் தப்பியது, மூக்குக்கும் தப்பியது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னத்தா இது, வாசமே வரல? கெட்டுப்போன சரக்கா இருக்கப் போகுது" என்றாள். உங்கள் பரவைக் கடைக்கு வந்த பெண்கள் சொன்னதும் இதே வார்த்தைதான். மதுரைப் பக்கத்துக்காரர்களுக்கு மணக்காத பொருள் எதுவும் பொருளே இல்லை.

பரவை மார்க்கெட்டுக்கு எதிரே நீங்கள் ஃபேன்சி ஸ்டோர் போட்டபோது எழுபதுகள் பாதி தாண்டியிருந்தன. ஏர் பிடித்த குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லாவில் உட்கார்ந்தவர் என்பதில் உங்களுக்கு அப்படி ஒரு தலைக்கனம். பவுடர், ஸ்நோ, கண்மை, ரிப்பன், குப்பி குப்பியாக சென்ட். காய்கறி விற்றுவிட்டுத் திரும்புகிற பெண்கள் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்ப்பார்கள். நீங்களும் பெரிய சமஸ்தானத்து மந்திரி மாதிரி, "மோந்து பாருத்தா, சும்மா மோந்து பாரு" என்பீர்கள். சாயங்காலம் நீங்கள் சைக்கிளைத் தெருமுனையில் திருப்பும்போதே எனக்கு வீட்டுக்குள் தும்மல் வந்துவிடும்.

கல்யாணமான ஒரு வாரத்திலேயே எனக்கு வைத்திருந்த வேலை தெரிந்துபோயிற்று. ஏஜெண்டு எந்தப் புதுச் சரக்கைக் கொடுத்தாலும் முதலில் என் முழங்கையில் தடவிப் பார்ப்பீர்கள். உங்கள் கையில் தடவிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்டால், "ஆம்பள கைல தடவுனா என்ன தெரியும்?" என்பீர்கள். எருமைத் தோலில் ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். என் கையில் அரை மணி நேரத்தில் எல்லாமே தெரிந்துவிடும். முதலில் அரிப்பு, பிறகு சிவப்பு, பிறகு தடிப்பு. அதைக் காட்டினால் நீங்கள் பாட்டிலைத்தான் தூக்கிப் பார்ப்பீர்கள். "சரக்கு நல்ல சரக்குதான். ஒந்தோலுதான் டூப்ளிகேட்டு." அதற்கு மேல் நான் ஏதாவது பேசினால் கடைசியாக ஒரு பழமொழி வரும்: "கழுதைக்குத் தெரியுமாடி கற்பூர வாசன?"

வாசனைதான் ஆகவில்லை என்று நான் சொன்னதை உங்கள் வீட்டில் ஒருத்தரும் நம்பவில்லை. வெயில் என்றார்கள், கத்திரிக்காய் என்றார்கள், நாக தோஷம் என்றார்கள். குப்பைமேனியை அரைத்துப் பூசினார்கள்; மஞ்சளைப் பூசினார்கள்; மஞ்சளுக்கும் தடித்தபோது என்னைப் பார்த்த பார்வையில் குலதெய்வத்தையே அவமதித்தவள் ஆகிவிட்டேன். ஊரெல்லாம் மல்லிகைப்பூ முழம் முழமாக வைத்துக்கொள்ள, நான் மணமில்லாத கனகாம்பரத்தை வைத்துக்கொண்டு நடப்பேன். "ரொம்பத்தான் பிகு பண்றா" என்று அதற்கும் ஒரு பேச்சு.

டவுனில் தோல் டாக்டரம்மாவிடம் நீங்கள் என்னைக் கூட்டிப்போனது என் அழுகைக்கு இரங்கி அல்ல. கழுத்தெல்லாம் புண்ணாகி, கடைக்காரன் பெண்டாட்டிக்கே இப்படியா என்று வாடிக்கைக்காரிகள் கேட்க ஆரம்பித்ததால்தான். அந்தம்மா என் கையை ஒரு நிமிஷம் பார்த்தார், உங்கள் சட்டையை ஒரு நிமிஷம் முகர்ந்தார். "இவங்களுக்கு வாசனைதான் விஷம். வாசனை கலக்காத லோஷன் தடவுங்க. புதுசா எது வந்தாலும் முழங்கை மடிப்புல ஒரு பொட்டு வச்சு ரெண்டு நாள் பாருங்க. மொதல்ல நீங்க இந்த சென்ட்டு போடுறத நிறுத்துங்க" என்றார். பஸ்ஸில் ஏறியதும் நீங்கள் சொன்னீர்கள், "டாக்டருக்குப் படிச்சு என்ன, யாவாரம் தெரியலயே." அவர் வியாபாரம் பண்ணவில்லை, வைத்தியம் பார்த்தார் என்பது உங்கள் மண்டையில் ஏறவேயில்லை.

ஆனாலும் எங்கேயோ அலைந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற வாசமில்லாத லோஷனை ஒரு ஏஜெண்டிடம் பிடித்துவிட்டீர்கள். தனிப் பாட்டில் தரமாட்டேன் என்றானாம். ஒரு பெட்டியாகவே எடுத்துவந்தீர்கள். வெள்ளை பாட்டில், படம் கிடையாது, பூ கிடையாது. டாக்டரம்மா சொன்னபடி முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு மாதத்தில் கழுத்து ஆறிவிட்டது. மூன்று மாதம் மனுஷி மாதிரி இருந்தேன். அந்த மூன்று மாதமும் உங்களை நல்லவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் தப்பு.

மிச்சப் பெட்டி கடையில் கிடந்தது. ஒருத்தியும் தொடவில்லை. "வாசமில்லாத லோசனுக்கு நல்ல தண்ணியவே தடவிக்கிறலாமேண்ணே" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனதை வீட்டில் வந்து சொன்னீர்கள். முகம் செத்திருந்தது. அதை அடைகாத்து அடைகாத்து ஒருநாள் உங்களுக்கு மூளை வேலை செய்திருக்கிறது. இங்க் ஃபில்லரைக் கழுவி எடுத்து, பாட்டிலுக்கு இரண்டு சொட்டு மல்லிகை சென்ட் விட்டுக் குலுக்கி வைத்துவிட்டீர்கள். பிறகு அந்த லோஷன் பரவையில் பறந்திருக்கிறது. எனக்கு இதில் ஒரு வார்த்தையும் தெரியாது. என் பாட்டில் தீர்ந்தபோது நீங்கள் கொண்டுவந்து கொடுத்த புதுப் பாட்டிலும் அதில் ஒன்றுதான்.

அந்தப் பாட்டிலை நான் முதன்முதலாகத் திறந்த நாள் என் தம்பியின் கல்யாண நாள். சமயநல்லூரில், எங்கள் ஆத்தா வீட்டில். அவனுக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். தாலியில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் அடுத்த இரண்டு முடிச்சையும் அக்காள் போட வேண்டும். அவன் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து நான் காத்துக்கிடந்த வேலை அது. விடிந்ததும் குளித்துவிட்டு, பாட்டிலைத் திறந்து கை, கழுத்து, முகம் எல்லாம் தாராளமாகத் தடவிக்கொண்டேன். கல்யாண வீட்டில் பூவும் சந்தனமும் ஊதுபத்தியும் மணந்த மணத்தில், என் கையில் மணந்தது தனியாகத் தெரியவில்லை.

மணவறையில் போய் நிற்பதற்குள் விரல்கள் வீங்கிவிட்டன. இமை வீங்கிவிட்டது. பெண்ணின் பெரியம்மா முதலில் பார்த்தாள். "என்னத்தா மூஞ்சியெல்லாம் இப்பிடித் தடிச்சிருக்கு, அம்மையா?" என்றாள். இல்லை, எனக்கு வாசனை ஆகாது என்றேன். "வாசன ஆகாத பொம்பளயும் உண்டா மதுரச் சீமையில?" என்று சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. தொற்று வியாதி என்று ஒருத்தி சொன்னாள். தாலிக்கயிற்றில் இவள் கையை வைக்க விடக் கூடாது என்று இன்னொருத்தி சொன்னாள். எங்கள் ஆத்தா உங்கள் பக்கம் திரும்பி, "மாப்ள, நீங்களாச்சும் சொல்லுங்க மாப்ள" என்று கெஞ்சினாள்.

உங்களுக்குத் தெரியும். அம்மை இல்லை, தொற்று இல்லை, இரண்டு சொட்டு சென்ட் என்று அந்தப் பந்தலில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்? பந்தலில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றீர்கள். என் சித்தப்பா மகள் வந்து இரண்டு முடிச்சையும் போட்டாள். நான் சாமான் அறை வாசலில் நின்று, வீங்கிய இமைக்கிடையில் அதைப் பார்த்தேன். தம்பி ஒருதடவை என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான், கெட்டிமேளம் முடிந்துவிட்டது.

திரும்புகிற பஸ் பாத்திமா நகரைத் தாண்டியது. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு சொட்டுதான் விட்டேன்" என்றீர்கள். என்ன சொட்டு என்று கேட்டேன். சொன்னீர்கள். "அத அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். "பரவைப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வந்து நின்னாளுகள்ல. கலந்து வித்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு கடைக்கு வருவா?" என்றீர்கள். அந்த நிமிஷம் உங்களைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. ஃபேன்சி ஸ்டோரைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியவருக்கு என்னைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் நான் உங்களோடு பேசவில்லை. மன்னிப்புக் கேட்கிற ஆளா நீங்கள்? அதற்குப் பதிலாகக் கடையிலிருந்து வந்ததும் கொல்லைப்புறத் தொட்டியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவது என்று ஆரம்பித்தீர்கள். அதிலாவது புத்தி வேலை செய்ததா? உங்கள் கடையிலேயே அதிகம் மணக்கிற சோப்பைப் போட்டுக் குளித்தீர்கள். நான் வாசலில் நின்று தும்மினேன். நீங்கள் சோப்பைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், திரும்பிப் போய்க் கடலை மாவைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் குளித்தீர்கள். அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. வந்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் வாசலில் எனக்கு ஓர் அடி முன்னால் போவீர்கள். பன்னீர் தெளிக்கிறவர்களைக் கையால் மறித்து, "அவளுக்குச் சளி" என்பீர்கள். சந்தனக் கிண்ணத்துக்கும் அதே சளிதான். பத்து வருஷம் எனக்குச் சளி இருந்தது. வாசனை ஆகாது என்ற ஒரு வார்த்தை, உண்மையான வார்த்தை, உங்கள் வாயிலிருந்து யாரிடமும் வரவில்லை. அதைச் சொன்னால் ஏன், எப்படி என்று கேட்பார்கள். பேச்சு சமயநல்லூர்ப் பந்தலுக்குப் போய்விடும் என்று பயம். தம்பி மனைவி மட்டும் எனக்குத் தண்ணீர் கொடுக்கத் தனி டம்ளர் வைத்திருந்தாள். தொற்று வியாதிக்காரியாகவே என்னை வைத்திருந்தாள். அது உங்களுக்கும் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். பரவை மார்க்கெட்டே கோச்சடைக்கு வந்துவிட்டது. உங்களைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும் ஆளாளுக்குப் பன்னீரைத் தெளித்தார்கள். கட்டுக் கட்டாக ஊதுபத்தி கொளுத்தினார்கள். "அண்ணே கடைச் சரக்குதான், அவருக்கே ஆகட்டும்" என்று ஒருவர் சென்ட் குப்பியைத் திறந்து உங்கள் மேல் கவிழ்த்தார். எனக்குச் சந்தனம் பூசி, தலை நிறைய மல்லிகை வைத்து உங்கள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மறிக்க ஆள் இல்லை. எனக்கோ அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி நேரத்தில் கண் இரண்டும் மூடிக்கொண்டுவிட்டன. முகம் ரத்தமாகச் சிவந்து ஊதிவிட்டது. "எம்புட்டு அழுதிருக்கா பாரு, கண்ணத் தொறக்க முடியல" என்று கூட்டம் கலங்கியது. வாசனை என்று நான் வாய்விட்டுச் சொன்ன காலத்தில் நம்பாதவர்கள், நான் அழாத அழுகையை ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார்கள். தம்பி மனைவி முதல் தடவையாக என்னைத் தொட்டாள். கட்டிப் பிடித்துக்கொண்டு, தன் டம்ளரிலேயே எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். இது அழுத முகம் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அன்றைக்கும் வாயைத் திறக்காமல் கிடந்தீர்கள். அது மனதில் பட்ட பிறகுதான் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இப்போதும் தம்பி மனைவி அந்த நாளைச் சொல்லி, "அண்ணே மேல மதினிக்கு எம்புட்டுப் பிரியம்" என்று உருகுவாள். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிவிடலாம். அவள் கல்யாணப் பந்தலில் எனக்கு வந்தது வியாதி இல்லை என்று இந்த வயதிலாவது நிரூபித்துவிடலாம். ஆனால் அந்த இரண்டு சொட்டைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. பரவையில் உங்கள் கடை இருந்த இடமே இப்போது யாருக்கும் தெரியாது. இருந்தும் வாயெடுத்தால், கடைப் பேர் கெட்டுப்போகுமே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.