மூன்று மாடல், பதினான்கு படி

ஜூலை 5, சனி

வெயில். மூன்று மணிக்கு இடி மட்டும். மழை இல்லை, விளம்பரம்தான்.

முடிச்சூரில் எங்கள் ஆலயத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். மூன்று ஆர்க்கிடெக்டுகள், மூன்று மாடல்கள். பக்கத்து ஹாலில் ஒரு வாரம் கண்காட்சி. அடுத்த சனிக்கிழமை சொற்பொழிவு, கைதூக்கி ஓட்டு. அதற்கடுத்த திங்கள் கமிட்டி கையெழுத்து. காவல் காக்க நானும் என் நண்பன் டேனியும். எங்களை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்தது இதுவே முதல் தடவை.

மாடல் 1: கப்பல்.
மாடல் 2: விரித்த வேதப்புத்தகம்.
மாடல் 3: டேனி சொல்படி ஃப்ரிட்ஜ்.

எல்லாவற்றிலும் சுண்டுவிரல் நகம் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக் மனிதர்கள். எல்லோரும் நிற்கிறார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை.

வாசலுக்கு மூன்றிலும் பதினான்கு படி. எண்ணினேன். வெள்ளத்தின்போது பழைய ஆலயத்துக்குள் ஆல்டர் (பீடம்) வரை தண்ணீர். அதனால் தரை ஏழு அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு. வீட்டில் படி, ஸ்கூலில் படி, டியூஷனில் படி. இங்கேயும் படி. ரேம்ப் எதிலும் இல்லை.

பழைய ஆலயத்துக்கு ஆறு படிதான். அதுவே அம்மாவின் வீல்சேருக்கு முடியவில்லை. ஒரு வாரம் நாலு அங்கிள்கள் தூக்கினார்கள். அம்மாவுக்கு வெட்கமாகிவிட்டது. அதற்கப்புறம் வெளியே ஆட்டோவில் உட்கார்ந்தபடி ஸ்பீக்கரில் ஆராதனை. அப்பா ரேம்ப் கேட்டார். "புதுக் கட்டடம் வரப்போகுது ஜான்சன், அதுல பாத்துக்கலாம்." சொன்னது செக்ரட்டரி அங்கிள் (இனி செ.அ.).

அம்மா போய் நான்காவது மாதம். அடக்கத்துக்குப் பிறகு அப்பா ஆலயத்துக்கு வரவில்லை.

செய்ய வேண்டியது: பெவிகால். கெமிஸ்ட்ரி ரெக்கார்ட். நகம் வெட்ட.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் திறப்பு. ரிப்பன், பிரார்த்தனை, சமோசா. சமோசாவில் ருசி தெரியவில்லை. மற்றவர்கள் சூப்பர் என்றார்கள், அதனால் சூப்பர்.

காதில் விழுந்தவை:

"கப்பல் நல்லாத்தான் இருக்கு. ஆனா கப்பல்னா தண்ணி வரும்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"குளோரி, உன் பெஞ்ச் எங்க வருது பாரு." "ஃபேன் எங்க வருதுன்னு சொல்லு மொதல்ல. அப்புறம் பெஞ்சு."

கருத்துச் சொல்ல ஒரு பெட்டி வேண்டும். செ.அ. யோசித்தார். ஜெப விண்ணப்பப் பெட்டியையே தூக்கிவந்து, மேலே 'உங்கள் கருத்து' என்று பேப்பர் ஒட்டினார். வாரா வாரம் அதில் ஜெபச் சீட்டுப் போட்டே பழகிய ஜனம். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. வேடிக்கைக்கு ஆகும்.

அம்மா பேரும் அந்தப் பெட்டிக்குள்தான் வாரா வாரம் போனது.

ஜூலை 7, திங்கள்

புழுக்கம். ஹாலில் ஆளில்லை. ஒரு பிளாஸ்டிக் மனிதரைப் பெயர்த்துக் கோபுர உச்சியில் நிறுத்தினேன். டேனி விழுந்து சிரித்தான். போதகர் வந்து பார்த்துவிட்டு, "இடிதாங்கியா? நல்லது" என்று போனார். டேனி தரையில் உருண்டான்.

நான் போட்ட போலிக் கருத்துகள்:
1. செருப்பு விடும் இடத்தில் கேமரா.
2. பிரசங்கம் இருபது நிமிடம் தாண்டினால் தானாக அணையும் மைக்.
3. கடைசி பெஞ்சுக்குத் தலையணை.

மூன்றும் மூன்று கையெழுத்தில். ஒன்று இடது கையால். டேனி: "மச்சி, உனக்கு இருக்குற மூளைக்கு..." முடிக்கவில்லை. முடிக்கிற அளவுக்கு அவனுக்கு இல்லை.

எல்லோரையும் சிரிக்க வைக்கிறேன். கை தானாகச் செய்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டினால் கட்டையாக இருக்குமே, அந்தக் கட்டை.

ஜூலை 9, புதன்

மழை. தாம்பரம் சப்வேயில் தண்ணீர், பஸ் சுற்றிப் போனது. தாமதமாகத்தான் ஹாலுக்கு.

பெருக்க வரும் எல்லம்மா அக்கா துடைப்பத்தோடு மாடல் பக்கத்தில்.

"இன்னா பாப்பா, பொம்ம வூட்டுக்கு இம்மாம் படி கீது? எனக்கே முட்டி பேஜார் பண்ணுது. நாளைக்கு நான் எப்டி ஏறிப் பெருக்குறது?"

"கமிட்டிய கேளுங்கக்கா."

"உங்கப்பா நேத்து சாயங்காலம் வந்திருந்தாரு. ஒருத்தரும் இல்ல. குனிஞ்சு ஒவ்வொரு படியா தொட்டுத் தொட்டு எண்ணினாரு. அப்பால சீட்டு எழுதிப் பொட்டில போட்டுட்டுப் போயிட்டாரு. பேசவேயில்ல."

அப்பா வந்திருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. எங்களிடம் என்றால் என்னிடம். வீட்டில் வேறு யார்.

ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். செ.அ. கட்டளை: கருத்துகள் ஒரு கவரில், அவர் கையில். பாதிக்கு மேல் ஜெபச் சீட்டு, நினைத்தபடி. அவை போதகருக்குப் போகும் கவரில்.

"மகனுக்கு மறைமலை நகர் கம்பெனியில் பெர்மனென்ட் ஆக." ஜெபம்.

"நீல பெயின்ட் வேண்டாம்." கருத்து.

"மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க." டேனி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது ஜெபமா, பிளானா?"

"முடிச்சூர்ல ரெண்டும் ஒண்ணுதான் மச்சான்."

அவன் சிரிக்கும்போது அப்பாவின் சீட்டு என் கையில் வந்தது. கம்பெனியில் உதிரிபாகங்களை அளந்து எழுதுகிற அதே குட்டி எழுத்து. பெயர் இல்லை.

"தரை 7 அடி. 14 படி. ரேம்ப் இல்லை. என் மனைவி இருந்திருந்தால் எந்த வழியாக உள்ளே வந்திருப்பாள்?"

ஜெபக் கவரில் போட்டேன். டேனி பார்க்கவில்லை.

ஏன்? செ.அ. படித்தால் "பாவம் ஜான்சன்" என்பார். அப்புறம் எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் முகத்தை ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். ஜெபக் கவரில் போனால் எல்லோரும் கண்ணை மூடியிருப்பார்கள்.

ஜூலை 11, வெள்ளி

கெமிஸ்ட்ரி டெஸ்ட். 11/25. டியூஷன் சார்: "ஷெரின், உன் வாய்க்குத் தனியா மார்க் இருந்தா ஸ்டேட் ஃபர்ஸ்ட்."

அப்பா சாப்பிடும்போது: "நாளைக்கு அந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு?"

"ஆறு. வர்றீங்களா?"

"சும்மா. பாக்கலாம்."

நாலு மாதத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டிவைத்தார்.

சொல்லியிருக்கலாம். ஜெபக் கவர் போதகர் அறை மேசையில்தான் இருக்கிறது. எடுத்து மாற்றிவிடலாம். ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. தோசை மூன்று.

ஜூலை 12, சனி

வானம் மூடி. மழை இல்லை.

மாடல் 2 ஆர்க்கிடெக்ட் மேடம் பேச்சு. கதர்ப் புடவை, பெரிய கண்ணாடி, ஸ்கிரீனில் நிழல் நிழலாகப் படங்கள். "வெற்றிடமும் பேசும்" என்றார். டேனி காதில்: "என் பிசிக்ஸ் பேப்பர் மாதிரி."

அப்பா கடைசி வரிசையில், ஓரமாக. தேய்த்த சட்டை.

பேச்சு முடிந்ததும் செ.அ. கருத்துச் சீட்டுகளை வாசித்தார். என் போலிகளையும், முகம் மாறாமல். "செருப்பு விடும் இடத்தில் கேமரா." மேடம் குறித்துக்கொண்டார். "தானாக அணையும் மைக்." சிரிப்பு. போதகரும் சிரித்தார். "தலையணை." யாரோ கை தட்டினார்கள். நல்ல வரவேற்பு. ஒவ்வொரு சீட்டுக்கும் அப்பா நிமிர்ந்து பார்த்தார். கவர் காலி.

மேடம்: "உயரம் கமிட்டி சொன்னதுதான் சார். அதுக்கு மேல சபையில கேக்கறத நாங்க சேத்துக்கலாம். ரேம்ப் பத்தி யாராவது எழுதியிருக்காங்களா? ஏழு அடின்னா நீளமா இடம் ஒதுக்கணும். இப்பவே சொன்னாதான் முடியும்."

செ.அ.: "ஒருத்தரும் கேக்கல மேடம். கேட்டா வண்டி நிறுத்துற இடம் போயிடும்."

அப்பா எழுந்து நிற்பார் என்று நினைத்தேன். எழுந்தார். வெளியே போனார். கைதூக்கி ஓட்டு: மாடல் 2. என் கையும் மேலே இருந்தது. யார் தூக்கியது தெரியவில்லை.

வீட்டில் அப்பா: "நானும் ஒண்ணு போட்டிருந்தேன். சின்னச் சீட்டு. எங்கயாவது விழுந்திருக்கும்."

"ம்."

"பரவாயில்ல."

சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

காலையிலேயே வெயில். அப்பா வரவில்லை. "நீ போய்ட்டு வா."

நாளைக்குக் கையெழுத்து.

ஜெபச் சீட்டு நேரம். போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார், நாங்கள் எல்லோரும் கண்ணை மூடி "கர்த்தாவே, கேட்டருளும்" என்போம். பெர்மனென்ட் வேலை: கேட்டருளும். சித்தியின் சுகர்: கேட்டருளும். மழைத் தண்ணீர்: கேட்டருளும். பிறகு அவர் ஒரு சீட்டை எடுத்து நிறுத்தி, மெதுவாக: "தரை ஏழு அடி. பதினான்கு படி. ரேம்ப் இல்லை. என் மனைவி இருந்திருந்தால் எந்த வழியாக உள்ளே வந்திருப்பாள்?"

எல்லோரும்: "கர்த்தாவே, கேட்டருளும்."

போதகர் அடுத்த சீட்டை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். முடிந்தது. நான் ஆசைப்பட்டபடியே எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன்?

"பாஸ்டர், அது ஜெபம் இல்ல."

பின்னாலிருந்து குளோரி ஆன்ட்டி: "ஆரம்பிச்சிட்டா வாலு." இரண்டு மூன்று சிரிப்பு. டேனிகூட, பாவி, அடுத்த ஜோக்குக்குத் தயாராக என்னைப் பார்த்தான்.

"அது கருத்துச் சீட்டு. நான்தான் கவர் மாத்திப் போட்டேன். வேணும்னுதான். எங்கப்பா எழுதினது." குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அட்டெண்டன்ஸ் சொல்கிற மாதிரி. "செக்ரட்டரி அங்கிள், ஒருத்தரும் கேக்கலன்னு நேத்து சொன்னீங்க. அவர் கேட்டாரு. அம்மா இருந்தப்பவும் கேட்டாரு."

சிரிப்பு இல்லை. செ.அ. பாட்டுப் புத்தகத்தை மூடினார், திறந்தார்.

போதகர்: "போய் அப்பாவக் கூட்டிட்டு வாம்மா. நாங்க இருக்கோம்."

சைக்கிள். வீட்டில் அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உங்களக் கூப்பிடறாங்க. சீட்டு விழல. நான்தான் ஒளிச்சேன்."

கத்தியைக் கீழே வைத்தார். திட்டவில்லை. கை கழுவி, பனியன் மேல் ஒரு சட்டை, கம்பெனி அளவு டேப் பையில். எனக்காக நிற்காமல் நடந்தார். நான் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

ஆலயத்துக்கு வெளியே பாதிச் சபை வெயிலில். செ.அ. முன்னால் வந்து, "ஜான்சன், அன்னிக்கு நான்..." என்று நிறுத்தி, "ரேம்ப்னா வண்டி இடம் போகுமேப்பா" என்றார்.

"எவ்ளோ போகும்னு அளந்து பாப்போம் அண்ணா. ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம். மொத்தம் எண்பத்து நாலு."

டேப் பதினாறு அடிதான். முனையை என் பக்கம் நீட்டி, "பிடி" என்றார். வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு என்னிடம் முதல் வார்த்தை.

ஐந்து தடவை வைத்தோம். எல்லம்மா அக்கா ஒவ்வொரு தடவையும் செங்கல் துண்டால் கோடு போட்டாள். ஆறாவதில் நாலு அடி. சுற்றுச்சுவருக்கு முன்னாலேயே முடிந்தது. மூன்று அடி மிச்சம். செ.அ. கார்களை எண்ணினார். "நாலு வண்டி." தன் காரைப் பார்த்துவிட்டு: "என்னோடதும் சேத்து." போனை எடுத்து ஆர்க்கிடெக்ட் மேடம் நம்பரைத் தேடினார். நாளைக்குக் கையெழுத்து இல்லை.

அப்பா டேப்பைச் சுருட்டவில்லை. நான் மறுமுனையில், சுவரோரம். வா என்று கூப்பிடவில்லை. போ என்றும் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன்.