மாதிரி அட்டையில் உன் பெயர்

“பச்சை எழுத்துல வந்துட்டா சீட்டு கெடச்ச மாதிரிதான பெரியம்மா?” என்று உன் மகள் இன்று மாலை கேட்டாள்.

கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். மதுரைக் கல்லூரியின் இணையப் பக்கத்தில் அவள் விண்ணப்பத்துக்கு எதிரே நேற்றுவரை ‘பரிசீலனையில்’ என்று இருந்ததாம். இன்று ‘தகுதியுடையது’ என்று பச்சையில் மாறியிருக்கிறது. விண்ணப்பித்த பிள்ளைகள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பச்சை வந்தால் உறுதி என்று அதில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோவுக்கும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. இதற்கிடையில் இங்கே விருதுநகரில் ஒரு கல்லூரியில் அவளுக்குக் கணிதம் கிடைத்துவிட்டது. நாளை பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துச் சேர வேண்டும். கொடுத்தால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அவள் ஆசைப்படுவதோ மதுரையில் வேதியியல்.

“காலையில சொல்றேன்” என்று அனுப்பிவிட்டேன். இருபது ஆண்டுகளாக நிகழ்தகவு பாடம் நடத்துகிறவள் நான். வாசலில் குனிந்து செருப்பை மாட்டும்போது அவள் பிடரி அப்படியே உன்னுடையதாக இருந்தது. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுத்ததும் “இன்னைக்கு எத நம்பாம இருக்க?” என்று கேட்பாயே, அதைக் கேட்க இப்போது ஒருவரும் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நாரணாபுரத்தில் உன் வீட்டுத் தரையில் தோழிகள் நாம் இருவரும் உட்கார்ந்திருந்த அந்த மே மாதம் உனக்கு நினைவிருக்கும். சிவகாசி அச்சகத்தில் வேலை பார்த்த உன் அண்ணன் அங்கிருந்து கொண்டுவந்து போட்ட வேஸ்ட் தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நிறம் விலகிப்போன வெடி லேபிள்கள், பாதி அச்சான காலண்டர் படங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளின் நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட அவைதானே. கட்டின் நடுவிலிருந்து ஒரு அட்டை நழுவி விழுந்தது. நாம் இருவரும் விண்ணப்பித்திருந்த மதுரைக் கல்லூரியின் நேர்காணல் அட்டை. அதில் தட்டச்சில் உன் பெயர், இனிஷியலோடு.

“ஏ, இங்கன பாருடீ! காலேஜுக்கு கார்டு நம்ம ஊர்லதான் அடிக்காக. தபால்ல சேக்கிறதுக்கு முன்னாடி தவறி கட்டுக்குள்ள வந்துருச்சு!” என்று கத்தினாய்.

உன் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார். “தபால்காரனுக்கு முந்தி சரஸ்வதியே வீடு தேடி வந்துட்டாளா!”

நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். விண்ணப்ப எண் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக ஆறு சுழியங்கள். தேதியும் இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய். “நான் செத்தாக்கூட நீ டாக்டர் சர்டிபிகேட்டைப் பாத்துட்டுத்தான் நம்புவ.”

நான் எதுவும் சொல்லவில்லை. உன் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாமென்று இருந்துவிட்டதாக வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். எனக்கு அட்டை வரவில்லை. சந்தேகத்தைச் சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்று நினைப்பாயோ என்று பயந்தேன். உண்மையில் பொறாமையும் இருந்தது.

அந்த வாரம்தான் உனக்கு இடம் கிடைத்திருந்த விருதுநகர்க் கல்லூரியில் நீ சேர வேண்டிய கடைசி நாள் வந்தது. அட்டையை நம்பி நீ போகவில்லை. கேரளாவுக்கு லோடோடு போயிருந்த உன் அண்ணன் நான்கு நாள் கழித்து வந்தார். அட்டையைப் பார்த்ததும் சிரித்தார். “ஏ கழுத, இது காலேஜ் பார்ட்டிக்குக் காட்டுற சாம்பிள்! ஏதாச்சும் ஒரு பேரு சொல்லுன்னு மேனேஜர் கேட்டாக. வாயில உன் பேருதான் வந்துச்சு.” அதற்குள் உன் முகத்தைப் பார்த்துவிட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவருக்குச் சோறு போட்டவள் நீதான். “நீயா நம்பச் சொன்ன?” என்று கேட்டபடியே போட்டாய்.

ஜூனில் எனக்கு மட்டும் அட்டை வந்தது, எண்ணோடும் தேதியோடும். என் பெட்டியின் ஒரு பிடியை நீ தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை வந்தாய். நீ அழுவாய் என்று நினைத்தேன். “அங்கன போயி எல்லாத்தையும் சந்தேகப்பட்டுக்கிட்டே திரியாத. எம்புட்டு பேரு சிரிச்சுப் பேசுவாக, நீயும் பேசு” என்றாய். பிறகு அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினாய், அதே அச்சகத்தில் பிழை திருத்தினாய், கல்யாணம் செய்துகொண்டாய். உன் வாழ்க்கை கெட்டுப்போனது என்று சொன்னால் நீ சண்டைக்கு வருவாய். எனக்குத் தெரியும். ஆனால் மதுரை விடுதியில் என் அறையில் காலியாகக் கிடந்த இரண்டாவது கட்டிலை மூன்று வருடம் நான் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

சுழியங்களைப் பற்றி உன்னிடம் எத்தனையோ முறை சொல்ல வந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில்கூட. நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

பச்சை எழுத்துக்கு என்ன பொருள் என்று எனக்கு இப்போதும் தெரியாது. அது உண்மையாகவே நல்ல சேதியாக இருக்கலாம். ‘தகுதியுடையது’ என்பது மதிப்பெண் சரிபார்த்துவிட்டோம் என்று மட்டும் சொல்வதாகவும் இருக்கலாம். ஆனால் என் சந்தேகத்தையும், முன்பு அதை நான் வாய்க்குள் வைத்துக்கொண்டதையும் நாளை அவளிடம் சொல்லிவிடப் போகிறேன்.

இவ்வளவும் நேற்று எழுதியது.

இன்று காலை எட்டு மணிக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் அல்லது கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. “போலாம் பெரியம்மா” என்று மட்டும் சொன்னாள். பதினொன்றே காலுக்கு விருதுநகர்க் கல்லூரி அலுவலக வரிசையில் நின்றோம். முறை வந்ததும் சான்றிதழை எடுத்து நீட்டினாள். ஒரு நொடி விரல்களை விடவில்லை. அதை வாங்கிய அலுவலக அம்மா, “விடு தாயி, நாங்க என்ன முழுங்கிருவோமா?” என்றதும் விட்டாள். மதுரையிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போதுதான் கேட்டாள். “அம்மாகிட்டச் சொல்லிருக்கலாம்ல?”

“சொல்லிருக்கலாம்” என்றேன்.

சிவகாசிப் பேருந்து வந்தது. அவள் முன்வாசல் வழியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் நின்ற பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டு போனாள்.